பிள்ளை தானே சைக்கிள் ஓட்டப் பழகுவது எப்படி?



நம்ம ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "தம்பி, இவனுக்குச் சைக்கிள் சொல்லித் தர முடியுமா?" என்பது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவருக்கு வாசலில் இடம் இல்லை. கிள்ளான் தாமானில் இருப்பவருக்கு வாசல் இருக்கு, ஆனா வேலை முடிந்து வரும்போது இருட்டிடும். ஆக, பொறுப்பு நம்மகிட்ட வருது. கோயில் மண்டபத்துக் கார் நிறுத்துமிடம் காலையில் காலியாகத்தான் இருக்கு. நம்மிடம் கையும் காலும் இருக்கு. சொல்லித் தரும் முறைதான் தெரிஞ்சிருக்கணும்.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன். அதனால் "எப்படி" என்று சொல்லும் முன்னால் "ஏன்" என்று கேட்கிற பழக்கம் உண்டு. இந்தப் பாடத்தில் ரெண்டையும் சேர்த்தே பார்ப்போம். முழுப் பாடத்தையும் ஒரே வரியில் சொல்லணும்னா இதுதான்: பிள்ளையைச் சாயவே விடாமல் பிடித்துக்கொண்டால் பிள்ளை சைக்கிள் பழகாது. கொஞ்சமாகச் சாயவும் தானே நிமிரவும் இடம் கொடுத்தால் பழகிவிடும்.

சைக்கிள் ஏன் விழுவதில்லை?

முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் இருக்கிற துடைப்பக் கட்டையை எடுத்து உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்க. கையை அசைக்காமல் வைத்தால் ஒரு வினாடியில் விழுந்துடும். கட்டை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் நிற்கும். எதிர்ப் பக்கம் நகர்த்தினால் இன்னும் சீக்கிரம் விழும்.

சைக்கிளும் இதேதான். இடது பக்கம் சாயும்போது ஹேண்டிலைச் சற்று இடது பக்கம் திருப்பணும். அப்போது சக்கரங்கள் உடம்புக்குக் கீழே வந்து சேரும், சைக்கிள் நிமிரும். வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம். "விழுகிற பக்கம் திருப்பு." அவ்ளோதான் சைக்கிளின் ரகசியம். நல்லா ஓட்டுகிறவர் நேராகப் போவதுபோல் தெரிந்தாலும், உண்மையில் ஒவ்வொரு வினாடியும் கொஞ்சம் சாய்ந்து கொஞ்சம் திருத்திக்கொண்டேதான் போகிறார். ஈர ரோட்டில் போன டயர்த் தடத்தைப் பாருங்க, பாம்பு போன மாதிரி வளைந்து வளைந்து இருக்கும்.

சக்கரம் சுற்றுவதால்தான் சைக்கிள் நிற்கிறது, பம்பரம் மாதிரி, என்று பள்ளியில் பலரும் கேட்டிருப்போம். அது முழு உண்மை இல்லை. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான சைக்கிளைச் செய்தார்கள். சக்கரத்தின் பம்பர விளைவை, எதிர்த் திசையில் சுற்றும் இன்னொரு சக்கரத்தை வைத்து ரத்து செய்தார்கள். முன்சக்கரத்தைத் தானே நேராக்கும் அமைப்பையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் ஆள் இல்லாமல் தள்ளிவிட்டால் அது தானாக நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே இருக்கிறது, சாயும்போது முன்சக்கரம் எப்படித் திரும்புகிறது என்பவையும் சேர்ந்துதான் சைக்கிளை நிமிர்த்துகின்றன.

அப்படின்னா சைக்கிளே பார்த்துக்கொள்ளாதா? இங்கேதான் பிள்ளைக்குச் சிக்கல். பெரியவர் ஓட்டும் ஒரு மாதிரி சைக்கிளை வைத்து 2007-ல் வெளிவந்த கணக்கில், மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 22 கிலோமீட்டர் வேகத்தில்தான் சைக்கிள் தானே நிமிரும் என்று வந்தது. முதல் நாள் சைக்கிள் ஏறும் 5 வயசுப் பிள்ளை நடக்கும் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் சைக்கிள் உதவிக்கு வராது. பிள்ளையின் கையும் இடுப்பும்தான் எல்லாவற்றையும் செய்யணும். அதனால்தான் முதல் பத்து மீட்டர் கஷ்டம், அடுத்த நூறு மீட்டர் சுலபம்.

வாயால் சொன்னால் ஏன் புரிவதில்லை?

"சாயற பக்கம் திருப்பு" என்று பிள்ளையிடம் சொன்னால் போதாதா? போதாது. பிள்ளை அதைக் கேட்டு, யோசித்து, கையைத் திருப்புவதற்குள் கீழே இருக்கும். இது சொல்லில் இருக்கிற அறிவு இல்லை, கையில் இருக்கிற அறிவு.

விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவர் வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டும் பலரிடம் "இடது பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாராம். யாரும் சரியான பதில் சொல்லவில்லை. உண்மை என்னன்னா, இடது பக்கம் திரும்ப நாம் முதலில் ஒரு கணம் ஹேண்டிலை வலது பக்கம் தட்டுகிறோம். அதனால் உடம்பு இடது பக்கம் சாய்கிறது. பிறகுதான் இடது பக்கம் திருப்புகிறோம். நீங்க பத்து வருஷமா ஓட்டியிருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டீங்க. நமக்கே தெரியாமல் செய்கிற ஒன்றைப் பிள்ளைக்கு வார்த்தையால் எப்படிச் சொல்லித் தர முடியும்?

இன்னொரு உதாரணம். டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் சக்கரம் வலது பக்கம் திரும்புகிற ஒரு சைக்கிளில் பழகினார். 2015-ல் அந்தக் காணொளியை வெளியிட்டார். விதி என்ன என்று மூளைக்குத் தெரியும். ஆனாலும் ஓட்ட அவருக்குச் சுமார் 8 மாதம் பிடித்தது. அவருடைய சின்ன மகனுக்கு 2 வாரம் போதுமாக இருந்தது. இதில் நமக்கு ரெண்டு விஷயம் இருக்கு. தெரிந்துகொள்வது வேறு, பழகுவது வேறு. அப்புறம், ஒருமுறை தவறாகப் பழகினால் அதை மறக்க வைப்பது புதுசாகப் பழகுவதைவிடக் கஷ்டம்.

பக்கச் சக்கரம் என்ன செய்கிறது?

கடையில் வாங்கும் சின்னச் சைக்கிளில் பின்னால் ரெண்டு குட்டிச் சக்கரம் வரும். பாதுகாப்புக்காக என்று நினைக்கிறோம். பொறியியல் கண்ணோடு பாருங்க. அந்த ரெண்டு சக்கரம் இருக்கும் வரை சைக்கிள் சாய முடியாது. சாய முடியாத வண்டியில் சாய்வைத் திருத்தப் பழக முடியாது. பிள்ளை பெடல் மிதிக்கப் பழகும், ஹேண்டிலைத் திருப்பப் பழகும். ஆனால் சமநிலை என்ற பாடமே ஆரம்பிக்காது.

அதைவிட மோசமானது, தவறான பாடம் ஒன்று நடக்கிறது. இரண்டு சக்கர சைக்கிளில் இடது பக்கம் திரும்பினால் உடம்பு இடது பக்கம், அதாவது உள்பக்கம் சாயணும். பக்கச் சக்கரம் உள்ள சைக்கிளில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, பிள்ளையின் உடம்பும் வெளிப்பக்கம் போகிறது. ரெண்டு வருஷம் இப்படி ஓட்டிய பிள்ளையிடம் ஒரு நாள் சக்கரங்களைக் கழற்றிவிட்டு "ஓட்டு" என்றால், அது பழகிய எல்லாமே எதிராக வேலை செய்யும். அந்தப் பிள்ளை பயந்தாங்கொள்ளி இல்லை. நாம் கொடுத்த பாடம் அப்படி.

பெடல் இல்லாமல் காலால் தரையைத் தள்ளிப் போகும் பேலன்ஸ் பைக்கில் ஆரம்பிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் போர்த்துகல் நாட்டில் லிஸ்பன் ஆய்வாளர்கள் பலரிடம் விவரம் சேகரித்து 2022-ல் வெளியிட்டார்கள். பக்கச் சக்கரத்தில் தொடங்கியவர்களைவிட, பெடல் இல்லாத சைக்கிளில் தொடங்கியவர்கள் சராசரியாக ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னதாகவே தனியாக ஓட்டியிருக்கிறார்கள்.

தாத்தா காலத்தில் யார் சொல்லித் தந்தார்கள்?

"இதெல்லாம் இப்ப வந்த புது முறையா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. உலகத்தின் முதல் சைக்கிளே பெடல் இல்லாததுதான். 1817 ஜூன் மாதம் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ரெண்டு சக்கர மர வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளி ஓட்டிக் காட்டினார். பெடல் வைத்த வண்டி பாரிஸில் பரவியது 1860-களில்தான். மனித குலமே முதலில் சமநிலை, பிறகு பெடல் என்ற வரிசையில்தான் சைக்கிள் பழகியிருக்கு.

நம்ம ஆட்களும் அப்படித்தான். என் தாத்தா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு சைக்கிள், அதுவும் பெரியவர்கள் ஓட்டுகிற உயரமான கறுப்புச் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. என்ன செய்வார்கள்? "சட்டத்துக்கு நடுவுல வலது கால விட்டு, சீட்ட அக்குள்ல இடுக்கிக்கிட்டு, அரை மிதி மிதிச்சுப் போவோம்டா" என்று தாத்தா சொல்வார். தமிழ்நாட்டில் இதற்குக் குரங்கு பெடல் என்று பெயர். அந்தப் பெயரிலேயே 2024-ல் கமலக்கண்ணன் இயக்கத்தில் ஒரு படம் வந்தது, ராசி அழகப்பனின் சிறுகதையை வைத்து எடுத்தது.

குரங்கு பெடலைக் கணக்குப் போட்டுப் பாருங்க, அழகான பொறியியல். பிள்ளையின் உடம்பு சைக்கிளின் இடது பக்கம் தொங்குகிறது. அதை ஈடுகட்டச் சைக்கிள் வலது பக்கம் சாய்கிறது. ரெண்டும் சேர்ந்த எடையின் மையம் சக்கரத்துக்கு நேர் மேலே வந்துடும். சீட்டின் மேல் ஏறாததால் உயரத்திலிருந்து விழும் பயம் இல்லை. நிலை தவறினால் இடது காலைத் தரையில் வைத்துக் குதித்துவிடலாம். முதலில் அரை மிதி, பழகியதும் முழு மிதி. யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆபத்து சின்னச் சின்ன அளவில்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் திருத்தி, கால் ஊன்றி, மறுபடி ஏறி. பேலன்ஸ் பைக் செய்வதும் இதையேதான்.

புதுக்கோட்டையில் நடந்தது

சைக்கிள் பழகுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கு என்று நினைக்கிறவர்கள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளணும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகள் நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத் தரலாம் என்று இயக்கம் முடிவு செய்தது. பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி செய்த காலம். அப்படியும் பெண்கள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபடி, 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் கலந்துகொண்டார்கள்.

அங்கே கற்றுத் தந்தது யார்? போன வாரம் கற்றுக்கொண்ட பெண், இந்த வாரம் அடுத்தவருக்குக் கற்றுத் தந்தார். சம்பளம் இல்லை. பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை என்றபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகினார்கள். முன் சட்டத்தில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சைக்கிள் வந்த பிறகு பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருள் விற்கவும், பிள்ளையைக் கூட்டிப்போகவும் தாங்களே போனார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? நம்ம வகுப்பில் பதிவு ஆரம்பித்தபோது ஒரு வீட்டிலிருந்து 6 வயசுத் தம்பியின் பெயர் மட்டும் வந்தது. 9 வயசு அக்காவும் கூடவே நின்றாள். "பாப்பாவுக்கும் சொல்லித் தரலாமே ஆன்ட்டி" என்றதுக்கு, "அவளுக்கு எதுக்கு, அவ விழுந்து முகத்துல காயம் பட்டா?" என்று பதில் வந்தது. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெண்டு வாரம் பேசின பிறகு அவள் பெயரும் வந்தது. தம்பிக்கு முன்னாடியே அவள்தான் ஓட்டினாள். இப்போ தம்பிக்கு அவள்தான் சொல்லித் தருகிறாள். தங்கச்சிமார்களை விட்டுவிட்டுத் தம்பிமார்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தாதீங்க.

வகுப்பை நடத்தும் முறை

இப்ப வேலைக்கு வருவோம்.

இடம்: சமமான, அகலமான, கார் வராத சிமென்ட் அல்லது தார்த் தரை. புல் மெத்தென்று இருக்கும், ஆனால் சக்கரம் உருளாது, வேகம் வராது, வேகம் வராமல் சமநிலை வராது. ஓரத்தில் மூடாத கால்வாய் இருக்கான்னு முதலில் நடந்து பாருங்க. நம்ம தாமான்களில் இதுதான் பெரிய ஆபத்து. காலை 8 மணிக்கு ஆரம்பியுங்க. வெயில் ஏறும் முன் முடிச்சிடலாம், சாயங்கால மழைக்கும் பயப்பட வேண்டாம்.

சைக்கிள்: புதுசு வாங்கச் சொல்லாதீங்க. வீட்டில் இருக்கும் சின்னச் சைக்கிளே போதும். பக்கச் சக்கரத்தையும் பெடல்களையும் கழற்றினால் அதுவே பேலன்ஸ் பைக். பெடலுக்குப் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும், இடது பெடல் வலஞ்சுழியாகக் கழலும். குழப்பமாக இருந்தால், ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டிப் பின்சக்கரம் பக்கம் தள்ளுங்க, ரெண்டு பெடலும் கழன்றுவிடும். சீட்டை இறக்கி, பிள்ளை உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி வையுங்க. டயரில் காற்று இருக்கணும். கைப் பிரேக்கைப் பிள்ளையின் விரல் எட்டிப் பிடிக்க முடியுதான்னு பாருங்க. பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்துகிற வகைச் சைக்கிள் என்றால், பெடல் கழற்றியதும் அந்தப் பிரேக் வேலை செய்யாது, ஞாபகம் வையுங்க.

உடை: ஹெல்மெட் நெற்றியை மூடணும், புருவத்துக்கு மேல் ரெண்டு விரல் இடைவெளி. தாடை வாரில் ஒரு விரல் நுழையலாம், அதுக்கு மேல் தளர்வு கூடாது. சப்பாத்து கட்டாயம், சிலிப்பர் வேண்டாம்.

முதல் படி, நடை. பிள்ளை சைக்கிளைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடக்கட்டும், பிறகு சீட்டில் உட்கார்ந்து நடக்கட்டும். இதில் சைக்கிளின் எடை கைக்குப் பழகும். நிறுத்துவதையும் இங்கேயே சொல்லித் தாங்க. "போ" என்பதற்கு முன் "நில்" தெரியணும்.

இரண்டாம் படி, மிதப்பு. காலால் ரெண்டு மூணு தடவை வேகமாகத் தள்ளி, காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்க. எத்தனை எண்ணும் வரை கால் தரையில் படாமல் போக முடியுது என்று பிள்ளையே எண்ணட்டும். ஒன்று, ரெண்டு என்று ஆரம்பித்து, பத்து வரை வந்தால் சமநிலை வந்துவிட்டது என்று அர்த்தம். வளைந்து போகச் சொல்லுங்க. அவசரப்பட்டு அடுத்த படிக்குப் போகாதீங்க. இந்தப் படிதான் முழுப் பாடமும்.

மூன்றாம் படி, பார்வை. புதுசாப் பழகுகிற பிள்ளை முன்சக்கரத்தையே பார்க்கும், தோளும் கையும் விறைத்துப் போகும். பத்தடி தூரத்தில் நீங்க நின்று, "அண்ணே எத்தனை விரல் காட்டறேன்?" என்று கேளுங்க. பதில் சொல்ல நிமிர்ந்து பார்த்தால் கை தானாகத் தளரும்.

நான்காம் படி, பெடல். இப்ப பெடல்களை மாட்டுங்க. ஒரு பெடல் முன்பக்கம் சற்று மேலே, கடிகாரத்தில் 2 மணி காட்டும் இடத்தில் இருக்கட்டும். அதை ஒரே அழுத்தாக அழுத்தினால் மிதப்புக்குத் தேவையான வேகம் வரும். மறு கால் தானே மற்றப் பெடலைத் தேடிக்கொள்ளும். சமநிலை ஏற்கெனவே இருப்பதால் பல பிள்ளைகள் இந்தப் படியை அரை மணி நேரத்திலேயே கடந்துவிடும்.

ஒரு வகுப்பு 20 முதல் 30 நிமிடம் போதும். பழகிய அசைவை மூளை ஓய்விலும் தூக்கத்திலும் உறுதிப்படுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை வராதது, அடுத்த ஞாயிறு தானாக வருவதை நீங்களே பார்ப்பீங்க. அழும் பிள்ளையை வற்புறுத்தாதீங்க. முடியும்போது, நல்லா செய்த ஒன்றோடு முடியுங்க.

பிடிக்கத்தான் வேண்டும் என்றால் சைக்கிளைப் பிடிக்காதீங்க, பிள்ளையைப் பிடிங்க. ஹேண்டிலையோ சீட்டையோ நீங்க இறுக்கிப் பிடித்தால் சாய்வைத் திருத்துவது உங்க கை, பிள்ளையின் கைக்கு ஒன்றும் தெரியாது. தோளிலோ முதுகிலோ லேசாகக் கை வைத்துக்கொண்டு கூட ஓடுங்க. விழப்போனால் தாங்கலாம், மற்ற நேரம் சைக்கிள் பிள்ளையுடையது.

"பிடிச்சிருக்கேன்" என்ற பொய்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம்ம வீடுகளில் சைக்கிள் சொல்லித் தருகிற பழைய தந்திரம் ஒன்று உண்டு. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், போ" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவது. பிள்ளை கொஞ்ச தூரம் போனதும் "பாத்தியா, நீயே ஓட்டிட்டே!" என்று கைதட்டுவது. பல பேருக்கு அது நல்ல ஞாபகமாகவே இருக்கும்.

ஆனால் எல்லாருக்கும் இல்லை. எங்க வகுப்புக்கு 8 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பான், உட்காரவே மாட்டான். மூன்றாவது வாரம்தான் காரணம் சொன்னான். 6 வயசில் அவனுடைய மாமா "பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு விட்டிருக்கிறார். அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான், ஆள் இல்லை, விழுந்துவிட்டான். முட்டிக் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. "பிடிச்சிருக்கேன்னு சொன்னாரு அண்ணே" என்பது மட்டும் ரெண்டு வருஷமா ஆறவில்லை.

அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் கையை எடுக்கும் முன் சொல்வேன். அவன் "சரி" என்று சொல்லாமல் எடுக்க மாட்டேன். பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி, பாதம் தரையில் படும்படி வைத்தோம். முதல் நாள் தோளில் ரெண்டு கை. அடுத்த வாரம் ஒரு கை. அதுக்கு அடுத்த வாரம் ஒரு விரல். ஆறாவது ஞாயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது அவனே, "விடுங்கண்ணே" என்றான். விட்டேன். போய்க்கொண்டே இருந்தான்.

பொறியியலில் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோம். சாரத்தைப் பிரிப்பதற்கும் ஒரு திட்டம் வேணும், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று. நம்ம கையும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையணும், குறைவது பிள்ளைக்குத் தெரியணும். தனியாக ஓட்டுகிறோம் என்று தெரிந்தே ஓட்டுகிற பிள்ளைக்குத்தான் அது தன்னுடைய வெற்றி. ஏமாற்றி ஓட வைத்தால் தூரம் கிடைக்கும், நம்பிக்கை போகலாம். நாளைக்கு நீச்சலுக்கும், பரீட்சைக்கும், வேறு பயங்களுக்கும் அந்தப் பிள்ளை உங்க வார்த்தையை நம்பி வரணும்.

ஓட்டத் தெரிவது வேறு, ரோடு வேறு

பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்க. பிள்ளை சமநிலை பழகியாச்சு என்றால் ரோட்டுக்குத் தயார் என்று அர்த்தம் இல்லை. வரும் காரின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கிற திறமை வர இன்னும் பல வருஷம் ஆகும். ஜாலான் துன் சம்பந்தன் மாதிரி ரோட்டில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். கூட ஆள் இல்லாமல் விடக் கூடாது.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை ஜோகூர் பாருவில், மாற்றி அமைக்கப்பட்ட சைக்கிள்களில் நெடுஞ்சாலையில் இருந்த 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். நாடே அழுதது. இந்த வகைச் சைக்கிளில் வேகத்துக்காகப் பிரேக்கையே எடுத்துவிடுவது உண்டு. இன்னிக்கு 6 வயசில் நம்மிடம் பழகுகிற பிள்ளை நாளைக்கு 14 வயசில் நண்பர்களோடு வெளியே போகும். நிறுத்தத் தெரிந்தவன்தான் ஓட்டத் தெரிந்தவன் என்பதை முதல் நாளே கையில் ஏற்றிவிடணும்.

பழகிய பிள்ளைகளுக்கு நல்ல இடங்கள் நம்ம பக்கத்திலேயே இருக்கு. கோலாலம்பூரில் ஞாயிறு காலை டத்தாரான் மெர்டேக்கா பக்கம் கார் இல்லாத காலை நடக்கும்போது, குடும்பமாகப் போய் நடு ரோட்டில் பயமில்லாமல் ஓட்டலாம். தித்திவங்சா ஏரிப் பூங்கா, ஷா ஆலம் ஏரிப் பூங்கா ரெண்டும் காலையில் நல்லா இருக்கும். பிள்ளை ஓட்டட்டும், நீங்க பின்னால் ஓட்டுங்க.

கலந்து பேச

1. நீங்க சைக்கிள் பழகியது எப்படி? யார் கை உங்க தோளில் இருந்தது? அவர் எப்போது எடுத்தார், சொல்லிவிட்டு எடுத்தாரா?

2. உங்க வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரு வயசிலும் அக்கா தங்கச்சிக்கு வேறு வயசிலும் சைக்கிள் கிடைத்ததா? ஏன்?

3. சைக்கிளைத் தவிர வேறு எதில் பிள்ளைகளுக்கு நாம் பக்கச் சக்கரம் மாட்டி வைத்திருக்கிறோம்?

இந்த மாதம் செய்ய

ஒவ்வொரு கிளையும் மூன்று பழைய சைக்கிளும் ஒரு 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் தேடிப் பிடியுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க, ஒன்று பெண் பிள்ளையாக இருக்கட்டும். நாலு ஞாயிறு, அரை மணி நேரம் போதும். அவர்கள் பழகியதும் அடுத்த பிள்ளைக்குச் சொல்லித் தரும் வேலையை அவர்களிடமே கொடுங்க. புதுக்கோட்டையில் நடந்தது இங்கேயும் நடக்கும்.